இருபத்தொரு சென்டிமீட்டர்

தோழர் விசாரணையாளரே, உங்கள் அலுவலகத்தார் கொடுத்த பேனாவைத் திருப்பி அனுப்பியதைத் தவறாக எண்ண வேண்டாம். களத்தில் வேலை செய்பவர்கள் நாங்கள் பென்சிலால்தான் எழுதுவோம். மை மழையில் கரைந்துவிடும்; பென்சில் எழுத்தோ, பை நனைந்து குறிப்பேடு கூழானாலும் படிக்கக் கிடைக்கும். முப்பத்தோராண்டுப் பழக்கம். ஐம்பத்து மூன்று வயதில் அதை மாற்றிக்கொள்ள இயலாது.

திங்கட்கிழமை ஒன்றாம் திடலில் மண் தோண்டும் இயந்திரத்தை இறக்கப்போவதாகச் சொன்னீர்கள். அதை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேறு நோக்கம் எனக்கில்லை. என் உலர்த்தும் அறையில் இருந்த பன்னிரண்டு மண் பைகளைப் பற்றி மூன்று நாளாகக் கேட்டு வருகிறீர்கள். அதற்கும் இதில் விடை உண்டு. ஆயினும் மண்ணைப் போலவே நிகழ்ச்சிகளையும் மேலிருந்து கீழாக, அடுக்கு மாறாமல் எடுப்பதே முறை. அவ்வாறே எடுக்கிறேன், இடையில் பொறுமை இழக்க வேண்டாம்.

எங்கள் காப்பிடத்தில், அதாவது அரசு காக்கும் உழாப் புல்வெளியில், ஒன்றாம் திடல் பதினொரு ஹெக்டேர். வடக்கே ஓக் தோப்பு, மேற்கே ஓடைச் சரிவு. அங்கே புல் அறுப்பதில்லை, மாடு மேய்ப்பதில்லை. உள்ளே கால் வைக்கப் பலகைப் பாதை ஒன்று மட்டுமே உண்டு. அதை விட்டு இறங்குவதற்கு என் கையெழுத்து வேண்டும். இந்நாட்டில் எங்கேனும் கருமண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய விரும்புபவர், தம் வயலின் மண்ணை எங்கள் ஒன்றாம் திடலின் மண்ணோடு ஒப்பிட்டே அறிகிறார். தராசில் ஒரு தட்டுக்குப் படிக்கல் எவ்வாறோ, அவ்வாறே அத்திடல். படிக்கல் தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதுவரை எடைபோட்ட அத்தனையும் ஐயத்திற்குரியதாகிவிடும் என்பதை நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

கருமண்ணில் கண்ணுக்குப் புலப்படாத இரும்புத் துகள்கள் உண்டு. புல் வேரும் ஈரமும் வெயிலும் பல்லாயிரம் ஆண்டுகள் கூடி அவற்றை மேல்மண்ணில் விளைவிக்கின்றன. ஆதலால் கலையாத நிலத்தில் காந்தத் தன்மை மேலே மிகுந்திருக்கும். கீழே செல்லச் செல்ல மெல்லக் குறையும். ஒன்றரை மீட்டருக்குக் கீழே மஞ்சள் மண்ணில் அடங்கிவிடும். அதை வரைந்து காட்டினால் நன்றாக வேய்ந்த வைக்கோற்போரின் சரிவு போல ஒரே வளைவாக வரும். அவ்வளைவு மாணவர்களின் பாடநூலில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. வரைந்தவன் நான்.

ரிம்மா யாகவ்லெவ்னா ஆகஸ்ட் ஐந்தாம் நாள் மண் ஆய்வுக்காக லெனின்கிராதிலிருந்து வந்தார். நாற்பத்திரண்டு வயது, குட்டையாக வெட்டிய முடி, வெயிலில் தோலுரிந்த மூக்கு. உரக்கச் சிரிப்பார். அவரிடம் புதிய கருவி ஒன்று இருந்தது. கட்டைவிரல் பருமனுள்ள துளையிட்டு உள்ளே விட்டால், எந்த ஆழத்தில் எவ்வளவு காந்தத் தன்மை என்பதை அது நொடியில் சொல்லிவிடும். குழி தோண்ட வேண்டியதில்லை. குழி தோண்டாமலே நிலத்தின் உள்ளே பார்க்க விரும்புகிறவர் எதைப் பார்க்க விரும்புகிறார் என்ற வினா முதல் நாளே என்னுள் எழுந்தது.

கருவி வேலை செய்யும் இடத்தில் இரும்பு எதுவும் இருத்தல் ஆகாது. ஆகவே முதல் நாள் காலையில் பலகைப் பாதையின் தொடக்கத்திலேயே எங்களை நிறுத்தி, சாவி, கத்தி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். காவலர் பஹோமை நீங்கள் அறிவீர்கள். பெரிய உடம்பு, தொளதொளத்த கால்சட்டை.

"பெல்ட்டையும் கழட்டுங்க, பஹோம். கொக்கி இரும்பு" என்றார் ரிம்மா.

"கழட்டினா கால்சட்டை நிக்காதே, யாகவ்லெவ்னா."

"ஒரு கையால அதைப் புடிச்சுக்குங்க, இன்னொரு கையால அளவு நாடாவைப் புடிங்க. மண்ணு அதெல்லாம் பாக்காது."

"மண்ணு பாக்காது. அந்தப் பக்கம் புல்லறுக்க வர்ற பொம்பளைங்க பாப்பாங்களே."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் என் சாவிக்கொத்தை ஓக் கிளையொன்றில் தொங்கவிட்டேன். என் பழைய களக் குறிப்பேடுகள் இருக்கும் அலமாரியின் சாவியும் அதில் இருந்தது. அன்று ரிம்மா யாகவ்லெவ்னா அம்மரத்தின் பக்கம் நான்கு முறை சென்றார். மூன்று முறை தண்ணீர் குடிக்க. நான்காம் முறை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மாலையில் அலமாரிக் கதவின் இடுக்கில் என் தலைமயிர் ஒன்றை ஒட்டி வைத்தேன். மறுநாளும், அதற்கு அடுத்த நாளும், மூன்று வாரம் கழித்தும் அது அறுபடாமல் இருந்தது. அவர் எவ்வளவு எச்சரிக்கையானவர் என்பது அதிலிருந்து எனக்கு விளங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊருக்குள் சென்று உஸ்தீன்யாவின் வீட்டில் உட்காருவதையும் அறிந்தேன். உஸ்தீன்யா போர்க்காலத்தில் இங்கே இருந்த பெண்களுள் இன்னும் உயிரோடிருப்பவள், வாய் ஓயாதவள். இரண்டாம் ஞாயிறு நூறடி விட்டுப் பின்தொடர்ந்து, ஆப்பிள் மரங்களுக்கு அப்பால் வேலியோரமாக நின்றேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடியோடு வெளியே வந்தார். என்னைக் கண்டும் அவர் திடுக்கிடவில்லை.

"பின்னாடியே வர்றதுக்குக் கூடவே வந்திருக்கலாமே, சவேலி குஸ்மிச். இந்தாங்க, ஒண்ணு கடிச்சுப் பாருங்க. சதகுப்பைத் தழையை அள்ளிப் போட்டிருக்கு அந்தம்மா."

உஸ்தீன்யா வேறென்ன சொன்னாள் என்று கேட்டேன். மருமகளைத் திட்டியே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது என்றும், தமக்கு நடுவில் தும்மக்கூட இடம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். வெள்ளரிக்காய் நன்றாகவே இருந்தது. அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

செப்டம்பர் ஆறாம் நாள் மாலை, நிலையத்தின் சமையலறையில் நான் கோதுமைக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எதிரே அமர்ந்து கட்டத்தாளை விரித்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. ஏதோ நோயுற்றவர் வீட்டுக்குச் செய்தி கொண்டு வந்தவரைப் போல இருந்தார்.

"மேற்குப் பக்கம் முப்பத்தாறு துளை போட்டேன். முப்பத்தாறுலயும் இருபத்தொரு சென்டிமீட்டர் வரைக்கும் எண்ணு ஒரே மாதிரி நிக்குது. அதுக்குக் கீழ சட்டுனு எறங்குது. இது சரிவு இல்ல, சவேலி குஸ்மிச். படிக்கட்டு."

மண்ணைக் குருட்டெலிகள் கலைப்பதுண்டு என்றேன்.

"குருட்டெலி அளவுகோல் வச்சுக்கிட்டா தோண்டும்?"

கருவியின் மீது ஐயம் தெரிவித்தேன். எங்கள் வட்டாரத்தில் பூமியின் ஆழத்தில் இரும்புத் தாது கிடக்கிறது. திசைகாட்டியின் முள்கூட இங்கே தடுமாறும். அவர் மறுக்கவில்லை. அதற்காகவே திடலின் கிழக்குப் பகுதியிலும் ஓக் தோப்பிலும் அளந்து பார்த்ததாகவும், அங்கெல்லாம் என் பாடநூல் வளைவு அச்சுப் பிசகாமல் வருவதாகவும் சொன்னார். மேற்கே ஓடைப் பக்கம் மூன்று ஹெக்டேரில்தான் படி இருக்கிறது. நாடெங்கும் ஒப்பிடுவதற்கான எண்களை நான் எடுக்கும் அளவைக் குழியும் அந்த மூன்று ஹெக்டேருக்குள்தான் இருக்கிறது.

"மேல ரெண்டு விரக்கடை மட்டும் திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கு. அதை வச்சுப் பாத்தா ஒரு நாப்பது வருஷம் இருக்கும். நாப்பது வருஷம் முன்னாடி யாரோ அங்க உழுதிருக்காங்க." பிறகு தாளை என் பக்கம் திருப்பி, "அறுபத்தொண்ணுல நீங்க அளந்தப்ப இது தெரியலையா?" என்று கேட்டார்.

அக்காலத்துக் கருவிகள் நுட்பமற்றவை என்று விடை சொன்னேன். அது உண்மையே. ஆயினும் இவ்வாக்குமூலத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்று தீர்மானித்திருப்பதால் இதையும் எழுதுகிறேன்: தெரிந்தது. அறுபத்தொன்றிலும் தெரிந்தது, எழுபத்தொன்றிலும் தெரிந்தது. எண்களைச் சமன் செய்தேன். ஒழுங்கற்ற அளவுகளைச் சமன் செய்வது எங்கள் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை. இருக்க வேண்டிய எண் எதுவோ அதை எழுதினேன்.

ரிம்மா யாகவ்லெவ்னா எனக்கு ஒரு வழியும் சொன்னார். மீதி எட்டு ஹெக்டேர் சுத்தமாக இருக்கிறது. அளவைக் குழியைக் கிழக்கே மாற்றிவிட்டால் போதும். கட்டுரையில் என் பெயரையே முதலில் போடலாம். தவறைக் கண்டுபிடித்தவரே நான்தான் என்றாகிவிடும். இது நியாயமான யோசனை. முற்றிலும் நியாயமானதாக இருந்தமையாலேயே எனக்கு அதன்மேல் ஐயம் வந்தது. ஆதாயம் ஏதுமின்றி ஒருவர் மற்றொருவருக்கு இவ்வளவு விட்டுக்கொடுப்பதை நான் கண்டதில்லை. மேலும் கிழக்கே மாற்றுவது என்றால் முப்பத்தோராண்டு என்ன ஆவது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"ஓடைப் பக்கம் ஒரு எடத்துல முள்ளு எகிறிக் குதிக்குது. அடியில இரும்பு கிடக்கு. ஒரே ஒரு குழி, சவேலி குஸ்மிச். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். நீங்களே கூட நின்னு பாருங்க. நான் சொல்றது தப்புன்னா இந்தத் தாளை அடுப்புல போட்டுருவேன்."

நான் அனுமதித் தாளில் கையெழுத்திட்டேன். அத்தாளை நீங்கள் என் மேசையில் கண்டெடுத்திருப்பீர்கள். செப்டம்பர் பதினொன்று என்று நாளும் குறித்திருக்கிறேன்.

அன்று காலையில் பஹோமிடம் எனக்குக் காய்ச்சல் என்றும் படுத்திருக்கப் போவதாகவும் சொல்லி, அவனை மோட்டார் சைக்கிளில் நகரத்து அஞ்சலகத்துக்கு அனுப்பினேன். இதிலிருந்து நான் முன்கூட்டியே எதையோ தீர்மானித்திருந்தேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படி அன்று. குழியில் ஒன்றும் கிடைக்காவிடில் ரிம்மா யாகவ்லெவ்னாவுக்குத் தலைகுனிவு. அதைப் பஹோம் பார்ப்பது நாகரிகமாகாது என்று கருதினேன். ஏதேனும் கிடைத்தால் என்ன செய்வது என்பதைக் கிடைத்த பிறகு யோசிக்கலாம் என்றிருந்தேன்.

பனிமூட்டம் இருந்தது. எட்டு மணிக்குத் தொடங்கினோம். புல்மெத்தையைச் சதுரச் சதுரமாக அறுத்து, வடக்குக் குறியிட்டு, பலகைமேல் வரிசையாக வைத்தோம். மேல்மண்ணுக்கு ஒரு தார்ப்பாய், அதற்கடுத்த மண்ணுக்கு ஒரு தார்ப்பாய் என்று தனித்தனியே விரித்தோம். ஒருபிடி மண்ணும் வெறும் புல்லின்மேல் விழக் கூடாது. எடுத்த ஒழுங்கிற்கு நேர்மாறாக, அடிமண் முதலில், மேல்மண் கடைசியில் என்று அப்படியே திரும்ப இட வேண்டும். காப்பிடத்தில் குழி தோண்டும் எவரும் முதலாண்டிலேயே கற்கும் பாடம் இது. ரிம்மா யாகவ்லெவ்னா இவ்விஷயத்தில் மிகவும் செம்மையானவர். அதைக் குறிப்பிடுவது என் கடமை.

பதினேழு சென்டிமீட்டரில் இரும்பு தட்டுப்பட்டது. அவர் குழிக்குள் மண்டியிட்டு, கையாலேயே அதைச் சுற்றிப் பறித்து எடுத்து, கழுத்துக்குட்டையால் துடைத்தார். உள்ளங்கையளவு இருந்தது, ஒரு பக்கம் முறிந்திருந்தது.

"கொழுமுனை" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "உழுத இடத்துல ஒடைஞ்சு போயிருக்கு. பாவம், எந்தப் பசியில வந்து உழுதாங்களோ. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இதைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாதில்ல, சவேலி குஸ்மிச்?"

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். என் கையில் மண்வாரி இருந்தது. ஒருமுறை போதுமானதாக இருந்தது. இதைப் பற்றிய விவரங்களை மருத்துவர் அறிக்கையில் காண்பீர்கள். அத்துறையில் எனக்கு அறிவு இல்லை.

ஒரு மீட்டர்க் குழி போதாது என்பதால் நீளத்தைச் சற்றுக் கூட்டி, ஆழத்தை நூற்றெழுபது சென்டிமீட்டராக்கினேன். மூன்றாம், நான்காம் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து விரித்தேன். நண்பகலில் பனி விலகி நல்ல வெளிச்சம் வந்தது. மேற்கு ஓரத்தில் இவ்வளவு ஆழமான வெட்டுமுகம் இதற்கு முன் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது. ஆகவே சுவரைச் சீவிச் சமமாக்கி, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக முப்பத்து நான்கு இடங்களில் அளந்தேன். படி இருபத்தொன்றில்தான் இருந்தது. ஆனால் கருவி அவருடையது. அதன் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விவாதத்திற்குரியது. அளந்த எண்களை ஒரு பத்தியிலும் சமன் செய்த எண்களை அடுத்த பத்தியிலும் குறித்து வைத்திருக்கிறேன். நீலக் குறிப்பேடு, கடைசிக்கு முந்தைய பக்கம்.

அவரை உள்ளே வைப்பதற்கு முன் கைக்கடிகாரம், இடுப்புக் கொக்கி, சாவி, இரண்டு கொண்டையூசிகள் ஆகியவற்றை அகற்றினேன். பணம் பற்றியோ பொருள் பற்றியோ எனக்கு ஆசையிருந்ததாக எவரும் எண்ண வேண்டாம். இரும்பு உள்ளே இருந்தால் பிற்காலத்தில் அத்திடலில் அளப்பவர்களின் எண்கள் கெட்டுவிடும். கொழுமுனையும் சேர்த்து அனைத்தையும் ஓர் உறையில் இட்டு, என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் வைத்தேன். உறையின்மேல் விவரம் எழுதியிருக்கிறேன். கருவியை மட்டும் ஓடையின் ஆழமான வளைவில் இட்டேன்.

பிறகு மூடினேன். மஞ்சள் மண், அதன்மேல் பழுப்பு மண், அதன்மேல் கருமண், அதன்மேல் வடக்குக் குறி பார்த்துப் புல்மெத்தை. ஓடை நீர் எட்டு வாளி தெளித்தேன். ஒரு வாரத்தில் வெட்டுக்கோடு மறைந்துவிட்டது. நான் நன்றாகச் செய்த வேலைகளுள் அதுவும் ஒன்று.

ஆனால் மண் மிஞ்சிவிட்டது. அதற்குக் காரணம் உங்களுக்கே விளங்கும். மிதித்து இறுக்கியிருந்தால் அடங்கியிருக்கும்; ஆனால் இறுக்கினால் அடர்த்தி மாறிவிடும். ஓடையில் கொட்டியிருக்கலாம். ஒன்றாம் திடலின் மண்ணை ஓடையில் கொட்டுவது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஆழம் வாரியாகப் பன்னிரண்டு துணிப் பைகளில் நிரப்பி, விதிப்படி ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சீட்டு, வெளியேயும் ஒரு சீட்டு எழுதினேன். திடல் எண், கட்டம், ஆழம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர். சீட்டில் பொய் நாள் போட்டால் மாதிரி வீணாகிவிடும். வாழ்நாளில் நான் பொய்ச் சீட்டு எழுதியதில்லை.

அடுத்த மூன்று வாரம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அவரைத் தேடிக் குளத்தைத் துழாவினீர்கள், ஓக் தோப்பில் நாய்களை விட்டீர்கள், கூர்ஸ்க் செல்லும் பேருந்தின் ஓட்டுநரை விசாரித்தீர்கள். உங்கள் ஆட்கள் நீண்ட கழிகளோடு ஒன்றாம் திடலின் ஓரத்துக்கு வந்தபோது, பலகையை விட்டு இறங்க அனுமதியில்லை என்று சொன்னேன். அவர்களுடைய தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போனார். கலையாத நிலத்தை ஒருவர் மதிப்பதைக் கண்டபோது எனக்கு நிறைவாக இருந்தது.

அந்த நாள்களில் எல்லாரையும் கவனித்தேன். உஸ்தீன்யா கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். அஞ்சல்காரி கடிதத்தைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். உங்களையும் ஐயுற்றேன், நீங்கள் என் வீட்டில் தேநீரை அருந்தாமல் ஆறவிட்டீர்கள். ஐயுறாமல் விட்டது பஹோம் ஒருவனையே. இருபதாண்டு என்னோடு பை தூக்கியவன். படிக்கத் தெரிந்தவன் என்பதையும், அவன் சீட்டுகளைப் படிப்பதுண்டு என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் நாள் உலர்த்தும் அறையில் அவன் நெடுநேரம் அலமாரியின் முன்னே நின்றான்.

"குஸ்மிச், இதுல நூத்தம்பதுல இருந்து நூத்தெழுவதுன்னு போட்டிருக்கு. ஒண்ணாம் திடல்ல அவ்வளவு ஆழம் நாம தோண்டவே மாட்டோமே."

தோண்ட வேண்டியிருந்தது என்றேன்.

"செப்டம்பர் பதினொண்ணுன்னு வேற இருக்கு. அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சலாச்சே. ராஸ்ப்பெரி ஜாம் வாங்கிட்டு வந்து நான்தானே குடுத்தேன்."

அவன் பைகளை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி எடை பார்த்தான். பன்னிரண்டையும் தூக்கிப் பார்த்தான். பிறகு பெரிய கைகளை முழங்காலில் ஊன்றியபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எவ்வளவு மண்ணு மிஞ்சியிருக்கு, குஸ்மிச்" என்றான். "அந்தம்மா உங்களைப் பத்தி எங்கிட்ட என்ன சொல்லும் தெரியுமா? இந்த மனுஷனுக்கு மண்ணு மேல இருக்கிற பாசம் எனக்கு மனுஷங்க மேலகூட இல்லைன்னு சொல்லும். மெச்சித்தான் சொல்லும்."

பிறகு எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்பொழுது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இடம் இது: பலகைப் பாதையின் ஒன்பதாவது முளையிலிருந்து மேற்கே நாற்பத்திரண்டு மீட்டர், அங்கிருந்து தெற்கே ஆறரை மீட்டர். நீளம் நூற்றறுபது சென்டிமீட்டர், அகலம் ஒரு மீட்டர். இதற்கு மேல் ஒரு கையகலமும் தோண்ட வேண்டியதில்லை. இயந்திரம் வேண்டாம், அதன் சக்கரம் பட்ட இடத்தில் மண் நூறாண்டுக்குத் தேறாது. நான்கு தார்ப்பாய்கள் கொண்டு வாருங்கள். புல்மெத்தையின் வடக்குப் பக்கத்தில் சிறு வெட்டு இருக்கும். அதைப் பார்த்து அடுக்குங்கள். பஹோமுக்கு முறை தெரியும். அவன் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், நானே வந்து சொல்கிறேன். அவரை எடுத்தபின் பன்னிரண்டு பைகளையும் சீட்டின்படி திரும்ப இட்டால் மண் சரியாக இருக்கும். குறையாது, நான் கணக்கிட்டிருக்கிறேன்.

நேற்று நீங்கள் அவ்வுறையில் இருந்த கொழுமுனையை மேசைமேல் வைத்து, இதற்காகவா என்று கேட்டீர்கள். ரிம்மா யாகவ்லெவ்னா அதை உழவுக்குச் சான்று என்று கருதினார். அவருடைய கட்டுரையின் வரைவிலும் உழவு என்ற சொல்லே இருக்கிறது. அவர் நேர்மையானவர், ஆனால் அவர் சொன்னது பிழை. அதை நான் ஐயத்திற்கு இடமின்றி அறிவேன்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில், போர்முனை எங்கள் ஊரைக் கடந்து போனபின், குதிரையும் இல்லை, மாடும் இல்லை. காப்பிட நிலத்தைக் கிளறினால் சிறை. ஐந்து பெண்கள் ஏர்க்கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். உஸ்தீன்யா இடப்பக்கம், என் அன்னை நடுவில். முதற்சாலில் முப்பதடிகூடப் போயிருக்க மாட்டார்கள். கொழு ஓக் வேரில் மோதி உடைந்தது. என் அன்னை மண்ணில் உட்கார்ந்து சற்று நேரம் அழுதாள். பிறகு எல்லாரும் மண்வாரிகளை எடுத்தார்கள். மூன்று ஹெக்டேரையும் கையாலேயே கொத்தினார்கள். பதினெட்டு நாள் ஆயிற்று. எனக்குப் பத்து வயது. அவர்களுக்குப் பின்னே நடந்து பனிவரகு தூவினேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அன்னை என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவ்வாண்டு எங்கள் தெருவில் பிழைத்தவர்கள் எல்லாரும் அந்த வரகால் பிழைத்தவர்கள்.

ஆகவே அங்கே நிகழ்ந்தது உழவு அன்று. இருபத்தொரு சென்டிமீட்டர் என்பது மண்வாரித் தகட்டின் நீளம். எந்த ஏரும் அவ்வளவு சீராக ஆழ்ந்து செல்லாது என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒன்றாம் திடலில் ஏர் ஓடியதில்லை என்றே முப்பத்தோராண்டாக எழுதி வந்திருக்கிறேன். நான் எழுதியது சரி. தவறான ஒரு முடிவு அச்சேறி மாணவர்கள் கைக்குப் போவதைத் தடுப்பது ஓர் ஆய்வாளனின் கடமை. அன்று காலையில் அதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.